நக்கீரர் உத்தியோகம்: முன் அனுபவம் இல்லாமல் ‘கியூஏ’ வேலை, பதுளை மலையிலிருந்து முடியுமா?

லயத்துக் கோடியில், பீலிக்குப் பக்கத்தில் ஒரு பாறை. பசறை வீதியிலிருந்து பிரிந்து மேலேறும் இந்தத் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காக விழுகிற ஒரே இடம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. துவைத்த துணி வாளியை இறக்கி வைத்துவிட்டு, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி போனை எடுக்கிறாள். பில் கட்டும் செயலி ஒன்றைத் திறந்து மொழியைத் தமிழுக்கு மாற்றுகிறாள். ஆங்கிலத்தில் அளவாகப் பொருந்தியிருந்த பொத்தானில் இப்போது ‘சமர்ப்பிக்கவு’ என்று நிற்கிறது.

“பாருங்க அண்ணே, ‘ம்’மைக் காணோம். பொத்தானுக்குள்ள எடம் பத்தல.”

உடனே ஒரு ஸ்கிரீன்ஷாட். பிறகு போனிலேயே ஒரு கூகுள் ஷீட்டைத் திறந்து எழுதுகிறாள்: என்ன போன், ஆண்ட்ராய்டின் எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எத்தனை தட்டலில் அந்தப் பக்கம் வந்தது, என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன தெரிகிறது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: “அந்தப் போனை வச்சிட்டு வா புள்ள, ரொட்டி ஆறுது.”

இதற்கு யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அந்தச் செயலியைச் செய்தவர்களுக்கு இப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. ஆனால் கொழும்பின் கண்ணாடிக் கட்டடங்களில் மாதச் சம்பளத்துக்கு இதையே செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘கியூஏ’ என்று பெயர். தமிழில் ‘மென்பொருள் தர உறுதிப்பாடு’ என்று பாடப்புத்தகம் சொல்லும். கொம்பனியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. டெஸ்டிங், கியூஏ, அவ்வளவுதான்.

ஏ.எல். முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் பேஸ்புக்கைத் திறந்தால் இந்த விளம்பரம் வராமல் இருக்காது: டிகிரி வேண்டாம், கோடிங் வேண்டாம், அனுபவம் வேண்டாம், மூன்றே மாதத்தில் கியூஏ. “உண்மையா பொய்யா, போய்ப் பார்த்து எழுதுங்கள்” என்றார் ஆசிரியர். பார்த்ததன் சுருக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும். ஆனால் விளம்பரம் காட்டுகிற வழியில் இல்லை.

குற்றம் சொல்வதற்குச் சம்பளம்

சிவபெருமானே பாட்டெழுதிக் கொடுத்தாலும் பொருளில் பிழை என்று சபையில் எழுந்து நின்ற நக்கீரரை நமக்குத் தெரியும். மென்பொருள் கொம்பனியில் அது ஒரு பதவி. டெவலப்பர் எழுதியதை வாங்கி, பாவனையாளர் கைக்குப் போகும் முன்னே அதை உடைத்துப் பார்ப்பது வேலை. நெற்றிக்கண் திறக்காது, சில வேளை டெவலப்பரின் முகம் சிவக்கும்.

1947 செப்டெம்பர் 9 அன்று ஹார்வர்டின் ‘மார்க் 2’ கணினிக்குள் ஒரு விட்டில் பூச்சி சிக்கியது. அதைப் பிடித்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். பிழைக்கு ‘பக்’ என்ற பெயர் பொறியியலாளர் வாயில் முன்பே இருந்ததுதான். இந்தப் பூச்சி அதை ஊருக்கெல்லாம் தெரிய வைத்தது. கதையில் சிரிப்பு அதோடு முடிகிறது. 2012 ஓகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வியாபார நிறுவனம், சரியாக நிறுவப்படாத மென்பொருளால் முக்கால் மணி நேரத்தில் ஏறத்தாழ 44 கோடி டொலரை இழந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்று 85 இலட்சம் கணினிகளை முடக்கியது. விமானங்கள் தரையில் நின்றன.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்துவது பிரித்தானியத் தபாலகக் கதை. அங்கே ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட உப தபாலதிபர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். தாங்கள் எடுக்கவில்லை என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை, கொம்பியூட்டர் பிழை சொல்லாது என்று எல்லோரும் நம்பியிருந்ததால். 2024இல் பாராளுமன்றமே சட்டம் இயற்றித்தான் அந்தத் தண்டனைகளை நீக்க வேண்டியிருந்தது.

தராசு பிழை சொன்னால்?

இதைப் பாறைமேல் இருந்த பெண்ணிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. “எங்க அம்மாவுக்கும் அப்படித்தானே?” என்றாள்.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலைக்கான கணக்கு என்பது மலையக வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர், கூடினால் மேலதிகக் கிலோவுக்குக் காசு. முன்பு கணக்கப்பிள்ளையோடு வாய்ச்சண்டை போடலாம். இப்போது சில தோட்டங்களில் டிஜிட்டல் தராசும் கையடக்கக் கருவியும் வந்துவிட்டன. இயந்திரத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

அவளிடம் ஒரு பரீட்சை வைத்தேன். அளவு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம், பேர் கணக்கிடும் செயலியை எப்படிச் சோதிப்பாய்? விரலை மடக்கத் தொடங்கினாள். சரியாக 18 போட்டுப் பார்ப்பாளாம். பிறகு 17.9, 18.1. பூச்சியம். ‘கழித்தல் 2’ என்று போட்டால் ஏற்கிறதா? காலையில் 9, மத்தியானம் 9 என்று இரண்டு தடவை நிறுத்தால் கூட்டுகிறதா, பின்னையது முன்னையதை அழித்துவிடுகிறதா? ஈரக் கொழுந்துக்குக் கழிக்கும் கிலோவை எந்த இடத்தில் கழிக்கிறது? மழைக்கு இடையில் நிறுத்திவிட்டால்? நிறுக்கும்போது சிக்னல் போனால் அந்த நிறை எங்கே போகும்? ஒரே பெயரில் இரண்டு மாரியாயி இருந்தால்?

எல்லைப் பெறுமானத்தைச் சோதிப்பது, அதாவது வரம்பில் நின்று ஒரு படி இப்பாலும் அப்பாலும் பார்ப்பது, இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கிளென்ஃபோர்ட் மயர்ஸ் 1979இல் மென்பொருள் சோதனை பற்றி எழுதிய புத்தகத்திலேயே அது இருக்கிறது. அவள் அதை வாசித்தவளல்ல. அரைப் பேரின் வலி தெரிந்த வீட்டில் வளர்ந்தவள்.

தேயிலை ‘ஸ்டோர்’ பற்றியும் ஒரு வார்த்தை. கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்க விட்டு, உலர்த்தி, சலித்து பிஓபி, டஸ்ட் என்று பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பார். வாட்டலில் விட்ட பிழையைச் சலிக்கும் இடத்தில் திருத்த முடியாது. 1883 முதல் நடக்கும் கொழும்பு ஏலத்தில் அது விலையாக வந்து விழும். மென்பொருளிலும் அதே கணக்குத்தான்: பிந்திக் கண்டுபிடித்த பிழைக்குச் செலவு கூட.

> பெட்டிச் செய்தி: ஐடி கார்ட் கட்டம் ஒன்று, கண்ணிகள் பல
>
> இலங்கைச் செயலி எதிலும் தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் சோதித்துப் பழகுங்கள்.
>
> பழைய அட்டை: 9 இலக்கம், இறுதியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்து. 2016 முதல் வந்த புதிய அட்டை: 12 இலக்கம், எழுத்தில்லை. இரண்டையும் ஏற்க வேண்டும்.
>
> பிறந்த ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கங்கள், அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் 500 கூட்ட வேண்டும். 1999 பெப்ரவரி 1இல் பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532.
>
> எல்லா ஆண்டுக்கும் 366 நாள் என்றே கணக்கு. ஆகவே மார்ச் 1 எப்போதும் 061. 1999இல் பெப்ரவரி 29 இல்லாததால் 99060 என்று தொடங்கும் பழைய இலக்கம் இருக்க முடியாது. செயலி அதை ஏற்றுக்கொண்டால் அது ஒரு பக்.
>
> ‘வி’ வாக்குரிமை உள்ளவருக்கு, ‘எக்ஸ்’ வாக்குரிமை இல்லாதவருக்கு. ‘வி’யை மட்டும் ஏற்கும் கட்டம் யாரை வெளியே நிறுத்துகிறது? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நாடற்றவர்கள் இருந்த மலைநாட்டில் இதை விளக்கத் தேவையில்லை.

படிவத்துக்குள் அடங்காத சனம்

கொழும்பு 7இல் வளர்ந்த ஒருவருக்கு முகவரி என்றால் இலக்கம், தெரு, நகரம். லய வீட்டுக்குத் தெருப் பெயர் கிடையாது. பல இடங்களில் வீட்டு இலக்கமும் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேரும். ‘தெரு’ என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாத செயலியில் இந்த மலையில் இருப்பவர் என்ன எழுதுவார்?

பெயரும் அப்படித்தான். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பாவின் பெயர் முன்னால் வரும். என் கதை ஒன்று. ஒரு நிறுவனத்தின் படிவம் குடும்பப் பெயர் கட்டாயம் என்றது. அப்பாவின் பெயரைப் போட்டேன். கணக்கு அப்பாவின் பெயரிலேயே திறந்துவிட்டது. திருத்தப் போனால், “கணக்குக்காரரை வரச் சொல்லுங்கள்” என்றார்கள். அப்பா இறந்து அப்போது ஆறு வருடம்.

எழுத்துக்கு வருவோம். ‘சுப்பிரமணியம்’ என்பதில் நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் கணினி எண்ணுவது பதின்மூன்று. புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ‘பெயர் 12 எழுத்துக்குள்’ என்று ஒருவர் வரம்பு வைத்தால் சுப்பிரமணியத்தின் கடைசிப் புள்ளி பறந்து ‘சுப்பிரமணியம’ ஆகிவிடுவார். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஓர் எஸ்எம்எஸ், தமிழில் 70 குறிகளோடு நிரம்பிவிடும். வங்கி அனுப்பும் எச்சரிக்கையில் தொகை மட்டும் அடுத்த எஸ்எம்எஸ்ஸுக்குப் போய், அது வராமலே போவதும் உண்டு.

மூன்று மொழி நாட்டில் ஒவ்வொரு அரச சேவையும் வங்கியும் செயலியாகிக்கொண்டிருக்கும்போது, இந்தப் பிழைகளைப் பிடிக்கத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த, சிங்களம் பேசத் தெரிந்த, ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். பதுளை டவுனில் வளர்ந்த பிள்ளைக்கு முதல் இரண்டும் பெரும்பாலும் சும்மா வந்தவை. மூன்றாவதில்தான் சறுக்குகிறது.

அனுபவத்தை யார் தருவார்?

அனுபவம் இருந்தால் வேலை, வேலை இருந்தால் அனுபவம். இந்தப் பூட்டுக்கு விளம்பரக்காரர்கள் விற்கும் சாவி சான்றிதழ். ஆட்களை எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் தேடுவது வேறு: நீ எழுதிய பக் அறிக்கை ஒன்றைக் காட்டு.

‘ஆப் வேலை செய்யவில்லை’ என்று எழுதுவது முறைப்பாடு. ‘தமிழ் மொழியில், எழுத்தளவைப் பெரியதாக வைத்தபோது, பணம் செலுத்தும் பக்கத்தில் பொத்தானின் கடைசி எழுத்து மறைகிறது, ஐந்து தடவையில் ஐந்தும், ஆங்கிலத்தில் இல்லை’ என்று எழுதுவது அறிக்கை. வாசிக்கிற டெவலப்பர் தன் மேசையிலேயே அதைத் திரும்ப நிகழ்த்திப் பார்க்க முடிய வேண்டும். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் உள்ள தூரம்தான் இந்தத் தொழில்.

அப்படி எழுதிப் பழக யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஃபயர்ஃபொக்ஸ் உலாவியின் பக்ஸில்லா தளத்தில் யாரும் பிழை பதியலாம். விக்கிப்பீடியாவுக்கு ஃபேப்ரிக்கேட்டர் இருக்கிறது. லிப்ரே ஆபிஸின் தமிழ் இடைமுகத்தைத் திறந்து அரை மணி நேரம் மேய்ந்தால் ஏதாவது அகப்படும். நீங்கள் பதிந்தது உங்கள் பெயரோடும் திகதியோடும் பகிரங்கமாக அங்கே கிடக்கும். சிவியில் அந்த இணைப்பைக் கொடுத்தால், பார்ப்பவர் அங்கேயே போய் வாசிப்பார். யூடெஸ்ட் போன்ற தளங்கள் உலகெங்கும் உள்ளவர்களுக்குச் சோதனை வேலையைப் பிரித்துக் கொடுத்து, கண்ட பிழைக்குக் காசு தருகின்றன. அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஒரு வாரம் வரும், இரண்டு வாரம் வராது. ஆனால் இன்னொருவர் காலக்கெடுவுக்கு வேலை செய்வது என்னவென்று கற்றுக்கொடுக்கும்.

> பெட்டிச் செய்தி: காசு கட்டும் முன்
>
> ‘ஐஎஸ்டிகியூபி’ என்ற சர்வதேச சோதனையாளர் சான்றிதழின் அடிப்படைப் பரீட்சை: 40 கேள்விகள், 60 நிமிடம், 26 சரியானால் சித்தி. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவருக்கு 15 நிமிடம் கூடுதலாக உண்டு. பாடத்திட்டமும் மாதிரி வினாத்தாளும் அவர்களது தளத்திலேயே இலவசம். வகுப்புக்குப் போகாமலும் எழுதலாம்.
>
> மொறட்டுவப் பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்தும் ஆரம்ப மென்பொருள் பாடநெறிகளும் இலவசம்.
>
> டிகிரிதான் வேண்டுமென்றால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ‘பிஐடி’ வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம். அரச தொழிற்பயிற்சியில் என்விகியூ 4, 5, 6 என்று ஏறிப்போகும் வழியும் உண்டு.
>
> ‘வேலை நிச்சயம்’ என்று சொல்லும் இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: போன தொகுதியில் வேலை கிடைத்த மூன்று பேரோடு பேசலாமா?

எதைப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் சின்னது. முதலில் பக் அறிக்கை எழுத ஆங்கிலம். கவிதை எழுதுகிற ஆங்கிலம் வேண்டாம், நடந்ததை வரிசையாகச் சொல்கிற ஆங்கிலம் போதும். அடுத்து தரவுத்தளத்தில் தேடிப் பார்க்க எஸ்கியூஎல், செயலிக்குப் பின்னாலுள்ள சேவைகளைச் சோதிக்க போஸ்ட்மேன். பிறகு சோதனையைத் தானாக ஓட வைக்கும் நிரல் எழுத பிளேரைட் அல்லது செலீனியம், இரண்டில் ஒன்று. ‘கோடிங் வேண்டாம்’ என்ற விளம்பர வரி பத்து வருடத்துக்கு முன்பு பாதி உண்மை. இன்று கையால் தட்டித் தட்டிப் பார்க்கும் வேலையை மட்டும் தெரிந்தவருக்குக் கதவு ஒடுங்கிக்கொண்டே வருகிறது. செயற்கை நுண்ணறிவு முதலில் தின்பதும் அந்தப் பகுதியைத்தான். டெஸ்ட் கேஸ் நூறு எழுது என்றால் அது ஒரு நிமிடத்தில் எழுதித் தரும். மாரியாயி இரண்டு பேர் இருப்பார்கள் என்பதை யாராவது அதற்குச் சொல்ல வேண்டும்.

இரவு ரயிலுக்குப் பிறகு

பதுளையிலிருந்து கொழும்பு கோட்டைக்கு ரயிலில் சுமார் 290 கிலோமீற்றர், ஒரு முழுப் பகலோ முழு இரவோ. மென்பொருள் கொம்பனிகள் அந்தப் பக்கத்து முனையில் இருக்கின்றன. முதல் வேலை பெரும்பாலும் ஆறு மாத இன்டர்ன். கொடுக்கும் உதவித்தொகை, கொழும்பில் பெற்றோர் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்குக் கைச்செலவு. போர்டிங் எடுத்துத் தங்குகிற பிள்ளைக்கு அது வாடகையோடு தீர்ந்துவிடும். மீதியை வீட்டிலிருந்து அனுப்ப வேண்டும். எந்த வீட்டிலிருந்து? தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டம் அரசின் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து அதை 1,750 ஆக்குவதாக அறிவித்தது. மாதம் 25 நாளும் முழுப் பேர் விழுந்தால் 43,750 ரூபா. பிடிப்பனவுகள் போக மீதியில்தான் அரிசி, மா, தம்பியின் டியூஷன்.

திறமையான பிள்ளைகள் விழுகிற இடம் இதுதான். பரீட்சையில் விழுவதில்லை, ஆறு மாத வாடகையில் விழுகிறார்கள். பிறகு புடவைக்கடையிலோ பார்மசியிலோ நின்றுவிடுகிறார்கள். அது கேவலமான வேலையல்ல. ஆனால் ஏ.எல். எடுத்த நாள் கண்ட கனவு அதுவல்ல.

“வீட்டிலிருந்தே வேலை” என்பார்கள். இரண்டு அறை லயத்தில் பக்கத்துக் காம்பராவின் டீவிச் சத்தத்தோடு காலை மீட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படி எளிதாகச் சொல்ல மாட்டார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மலைநாட்டைப் புரட்டியபோது பாதை, மின்சாரம், சிக்னல் எல்லாமே போயின. கொழும்பு மனேஜர் ‘ஏன் ஓன்லைனில் இல்லை’ என்று கேட்டு அனுப்பிய செய்தி, சிக்னல் திரும்பிய பிறகுதான் வந்து சேரும்.

ஆனால் வேலையை மலைக்குக் கொண்டுவருவது நடக்காத காரியமல்ல. தமிழ்நாட்டில் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011இல் அலுவலகம் திறந்தது. பள்ளிப் படிப்பையும் டிப்ளமாவையும் முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்துப் பழக்கி வேலைக்கு வைக்கும் அவர்களது பள்ளிக்கு இருபது வயதாகிவிட்டது. நம் நாட்டிலேயே அநுராதபுரத்து மகாவிலச்சியவில் நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆசிரியர் 1998இல் ஆங்கில வகுப்பாகத் தொடங்கியது, கொம்பியூட்டர் வகுப்பாகி, 2007இல் கொழும்பு நிறுவனங்களின் வேலையைக் கிராமத்திலேயே செய்து கொடுக்கும் இடமாக வளர்ந்தது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 முதல் இருக்கிறது. சரஸ்வதி தேசியக் கல்லூரி போன்ற தமிழ்ப் பாடசாலைகளிலிருந்து ஆண்டுதோறும் ஏ.எல். பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். டவுனில் பத்து மேசை, ஒரு ஜெனரேட்டர், இரண்டு இணைய இணைப்பு கொண்ட அறை ஒன்று இல்லை என்பதற்காக அவர்கள் இரவு ரயில் ஏற வேண்டியதில்லை.

ஒரு பிள்ளை போனால் வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. தம்பியின் வகுப்புக் காசு சிரமமில்லாமல் போகும்; அப்பா நகையை மீட்பார். கூடவே, “வீட்டுக்கு ஓராள் மலைக்குப் போனால்தான் காம்பரா” என்ற பழைய பயமும் தலைதூக்கும். மகளுக்குச் சம்பளம் வந்த பிறகும் அம்மா கூடையை இறக்காததற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல, கூரை.

பாறைமேல் இருந்த பெண்ணின் கோப்பில் அன்று காலையோடு முப்பத்தொரு பிழைகள். ஆங்கிலத்தில் எழுதியதைத் திருத்திக் கொடுக்க ஓர் ஆள் கிடைத்தால் நல்லது என்றாள். நான்கைந்தைத் திருத்திக் கொடுத்தேன். என் திருத்தத்தில் அவள் ஒரு பிழை கண்டுபிடித்தாள். ‘எப்போதும்’ என்று நான் எழுதியிருந்தேன், “எப்போதும் இல்ல அண்ணே, தமிழ்ல மட்டும்” என்றாள்.

கொழும்பில் ஆட்களை எடுக்கும் பொறுப்பில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கியூஏ இன்டர்ன் விளம்பரத்தில் ‘டிகிரி கட்டாயம்’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘நீங்கள் எழுதிய மூன்று பக் அறிக்கைகளை அனுப்புங்கள்’ என்று போடுங்கள். முதல் நேர்முகத்தை இணையத்தில் வையுங்கள். தெரிவானவருக்கு முதல் மாத போர்டிங் காசை முன்பணமாகக் கொடுங்கள். விண்ணப்பப் படிவத்தில் ‘தெரு’ என்ற கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள்.